ஜாக்கெட் பிட்டு 80 சென்டிமீட்டர்: வல்லம் பக்கத்துக் கல்யாண வீட்டின் தையல் கணக்கு

பட்டுப் புடவையின் நுனியில் ஜாக்கெட்டுக்கென்று சேர்த்து நெய்து விடும் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். அங்குலத்தில் 31½. அகலம் புடவையின் அகலம்தான், ஏறத்தாழ 48 அங்குலம். கல்யாணத்துக்கு எடுக்கும் துணிமணிகளில் கத்தரி பட்டபின் மறுபடி வாங்க முடியாதது இது ஒன்றுதான். உள்பாவாடை கிழிந்தால் வேறு எடுக்கலாம், ஃபால்ஸ் சாயம் ஒத்துவராவிட்டால் மாற்றித் தைக்கலாம். அதே சாயத்தில், அதே கரையோடு, அதே ஜரிகையில் இன்னொரு 80 சென்டிமீட்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கும் வல்லம் ஒன்றியத்து ஊர்களிலும் மற்ற இடங்களைப் போலவே கல்யாணத்துக்கென்று ஒரு நோட்டுப் போடுவார்கள். மண்டபம், சமையல், பந்தல், பத்திரிகை, நகை, ஜவுளி என்று பக்கம் பக்கமாக ஓடும். ஜவுளிப் பக்கத்தில் ஒவ்வொரு புடவைக்கும் விலை இருக்கும். தையலுக்கு ஒரு வரிதான், அதுவும் முழுத் தொகையாக ‘தையல் 5,000’ என்று இருக்கும். தைத்ததைப் பிரித்து, பிடித்து, ஏற்றி, இறக்கிச் சரிசெய்யும் செலவுக்கு நோட்டில் இடமே கிடையாது. அந்த ஒரு வரியை முன்கூட்டியே எழுதிவைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்பதைக் காட்டத்தான் இந்தக் கணக்கு.

பட்டு எடுக்க இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சேத்துப்பட்டு வழியாக ஆரணிக்குப் போகும், இல்லையென்றால் காஞ்சிபுரம். இரண்டு ஊர்ப் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. துணி வெளியூரில் வாங்குகிறோம், உள்ளூரில் தைக்கிறோம். கடைக்காரருக்கு உங்கள் கை அளவு தெரியாது, தையல்காரர் கடைக்கு வரப்போவதில்லை. நடுவில் நின்று அளவு பார்க்க வேண்டியவர்கள் புடவை எடுக்கப் போகிறவர்கள்தான். அதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும்.

கரை வைத்த கைக்கு எவ்வளவு துணி வேண்டும்? முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும் கை, சுற்றளவு 13 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் உள்ளே ஒவ்வொரு அங்குலம் விட்டால் ஒரு கைக்கு 15, இரு கைக்கு 30. பிட்டின் நீளம் 31½. ஒரே பக்கத்துக் கரையிலேயே இரண்டு கையும் வந்துவிடும், மீதி ஒன்றரை அங்குலம். சுற்றளவு 14 ஆனால் 32 வேண்டும், அரை அங்குலம் குறைகிறது. அந்த அரை அங்குலத்துக்காகத் தையல்காரர் கை வைப்பது உள்ளே விட வேண்டிய துணியில்தான். ஒவ்வொரு ஓரத்திலும் அரைக்கால் அங்குலம் என்று நான்கு ஓரத்தில் எடுத்துவிட்டால் கை வந்துவிடும். சுற்றளவு 15 என்றால் 34 தேவை, அப்போது ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலத்துக்கு மேல் போய்விடும், பிரித்து விட உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே அகலக் கரை உள்ள புடவையாக எடுத்தால் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு கையையும் வெட்டலாம், இந்தச் சிக்கலே வராது. கை பருமனாக உள்ள பெண்ணுக்குப் புடவை எடுக்கும்போது நிறத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது பெரிய கரை ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்பதை. மார்பு 40 அங்குலத்தைத் தாண்டினால் முழங்கை நீளக் கையோடு 80 சென்டிமீட்டரே இழுபறிதான், ஒரு மீட்டர் இருந்தால் நிம்மதி.

அடுத்தது உள்தையல். கட்டுரை முழுக்கச் சுற்றிவருவது இதைத்தான். ஜாக்கெட்டின் இரண்டு பக்க மூட்டிலும் முன் துண்டு ஒன்று, பின் துண்டு ஒன்று. ஆக மொத்தம் நான்கு ஓரம். ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்கு வெளியே ஒரு அங்குலம் துணி இருந்தால் சுற்றளவில் 4 அங்குலம் கையிருப்பு. நல்ல தையல்காரர்கள் அந்த அங்குலத்துக்குள் அரை அங்குல இடைவெளியில் ஒன்றுக்கு வெளியே ஒன்றாகத் தையல் ஓட்டிவிடுவார்கள். உள் வரி ஒன்றை இரண்டு பக்கமும் பிரித்தால் அரை அங்குலம் நான்கு ஓரத்துக்கு 2 அங்குலம் தளரும். கத்தி முனையால் நூலைப் பிரிக்கப் பத்து நிமிடம், திரும்பத் தைக்க வேண்டியதே இல்லை. “உள்ள ரெண்டு தையல் போட்டிருக்கேம்மா, டைட்டா இருந்தா ஒண்ணு பிரிச்சுக்கோ” என்று சொல்லிக் கொடுக்கிறவர் கையில் துணியைத் தைரியமாகக் கொடுக்கலாம். பட்டு ஓரத்தில் நூல் பிரியும் என்பதால் அந்த ஓரங்களை ஓவர்லாக் அடித்திருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லைனிங் துணியை நனைக்காமல் வெட்டினால் இந்தக் கையிருப்பு காற்றில் போய்விடும். பருத்தி லைனிங் நூற்றுக்கு 3 பங்கு சுருங்குகிறது என்று வைத்தால் 36 அங்குலச் சுற்றில் 1 அங்குலத்துக்கு மேல் குறையும். பட்டு அப்படியே இருக்க உள்ளே பருத்தி இழுக்க, வெளித்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். இதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு இரவும்தான்.

ஆரி ஒர்க் வந்தபின் இந்தக் கணக்கு கடினமாகிவிட்டது. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அளவு வரைந்து, வேலை முடித்த பிறகே வெட்டுவார்கள். மணியும் ஜரிகையும் தையல் கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் ஊசி இறங்காது, பிரித்தால் கோலம் நடுவில் அறுந்து நிற்கும். அதனால் ஆரி செய்பவரிடம் சொல்ல வேண்டியது, வேலைப்பாடு தையல் கோட்டோடு நிற்கட்டும், அதற்கு வெளியே ஒரு அங்குலம் வெறுந்துணியாக இருக்கட்டும் என்பது. இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும். புடவையோடு வந்த பிட்டைத் தொடாமல் வைத்துவிட்டு, ஒத்த நிறத்தில் ரா சில்க் ஒரு மீட்டர் எடுத்து அதில் ஆரி போடுவது. ஏதாவது தவறினால் 80 சென்டிமீட்டர் அசல் துணி பீரோவில் பத்திரமாக இருக்கும்.

அளவு எடுப்பதில் ஒரு பழக்கத்தை விட்டால் நல்லது. ‘அளவு ஜாக்கெட்’ என்று பழையது ஒன்றைக் கொடுத்தனுப்புவது. பலமுறை துவைத்துக் கைக்குழி தளர்ந்த பருத்தி ஜாக்கெட்டின் அளவில் லைனிங் வைத்த பட்டை வெட்டினால் அது உடம்பில் அப்படி உட்காராது. பெண் நேரில் போய், சாப்பிட்ட வயிற்றோடு அளவு கொடுக்க வேண்டும். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நிற்பது போதாது. மாலை மாற்றுவதுபோல் இரு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும், மணையில் உட்காருவதுபோல் சம்மணம் போட வேண்டும், பெரியவர்கள் காலில் விழுவதுபோல் குனிந்து எழ வேண்டும். கைக்குழி பிடிப்பதும், பின்கழுத்து நழுவுவதும், கீழ்ப்பட்டி ஏறுவதும் இந்த மூன்றில்தான் தெரியவரும்.

நாள் கணக்கு முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி ஓட வேண்டும். 60 நாளுக்கு முன் புடவையும் ஆரிக் கோலமும் முடிவாகிவிடட்டும். 45ஆம் நாள் அளவு. 21ஆம் நாள் முதல் போட்டுப்பார்த்தல், கொக்கி வைக்கும் முன்பே. 10ஆம் நாள் இரண்டாவது. கடைசி ஒருமுறை பந்தக்கால் நடுவதற்கு முன், ஏனென்றால் அதன்பின் பல வீடுகளில் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பெண் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் விடுப்பில் வருகிறாள் என்றால் இந்த அட்டவணை முழுதும் ஒரே மாலைக்குள் அடங்கியாக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் ஆரி ஜாக்கெட் வேண்டாம், லைனிங் ஜாக்கெட்டே உள்தையல் கூடுதலாக விட்டுத் தைத்துக்கொள்ளலாம் என்பேன்.

முகூர்த்தப் புடவையில் இன்னொரு முடிச்சு உண்டு. கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. புடவை அவர்கள் வீட்டில் இருக்கிறது, உடம்பு இந்த வீட்டில் இருக்கிறது. தட்டில் வைத்துக் கொடுக்கும்வரை பிரிக்கக் கூடாது என்று யாராவது பெரியவர் பிடிவாதம் பிடித்தால் ஜாக்கெட் கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும். ஜவுளி எடுக்கும் நாளன்றே பிட்டை வெட்டிப் பெண் வீட்டார் கையில் கொடுத்துவிடச் சொல்லிச் சம்பந்தியிடம் கேட்டுக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்கத் தயங்கி, நிறம் ஒத்துவராத ரெடிமேட் ஜாக்கெட்டோடு மணவறையில் உட்கார்ந்தால் அந்தப் படம் காலத்துக்கும் ஆல்பத்தில் இருக்கும்.

மாதமும் கணக்கில் சேரும். ஆவணியில் கல்யாணம் என்றால் தையல் ஆடியில் விழும். முகூர்த்தம் இல்லாத மாதம், தையல்காரருக்குக் கை ஓய்ந்திருக்கும், கடைகளில் தள்ளுபடியும் உண்டு. தையில் கல்யாணம் என்றால் மார்கழி முதல் பாதியில் முடித்துவிட வேண்டும், பிற்பாதி பொங்கல் துணிக்குப் போய்விடும். ஐப்பசிக் கல்யாணம்தான் கஷ்டம். தீபாவளித் துணி மூட்டை மூட்டையாக இருக்கும் கடையில் உங்கள் ஜாக்கெட்டை மூன்றுமுறை போட்டுப்பார்க்க யாருக்கும் பொழுது இராது.

இனி ரூபாய். கீழே வரும் கூலிகள் மாதிரிக்காக நான் வைத்துக்கொண்டவை. கடைக்குக் கடை மாறும். உங்கள் தையல்காரர் சொல்லும் தொகையை அந்தந்த இடத்தில் எழுதிக்கொண்டால் கணக்கு அப்படியே நடக்கும். மணப்பெண்ணுக்கு ஐந்து புடவை: நிச்சயம், பெண் அழைப்பு, வரவேற்பு, முகூர்த்தம், மறுவீடு.

ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க 5 × 120 = 600
முந்தானைக் குஞ்சம் 3 × 350 = 1,050
ரா சில்க் ஒரு மீட்டர் 450
ஆரி ஒர்க் 4,500, அந்த ஜாக்கெட்டுக்குத் தையல் கூலி 900
லைனிங் ஜாக்கெட் 4 × 450 = 1,800
லைனிங் துணி 5 × 90 = 450
உள்பாவாடை 3 × 250 = 750
கொசுவம் மடித்து அயர்ன் செய்ய 2 × 400 = 800
இதுவரை 11,300
ஆல்டர்: ஆரி ஜாக்கெட்டுக்கு இரண்டு முறை, 2 × 200 = 400
ஆல்டர்: மற்ற நான்குக்கு 4 × 80 = 320
பெண்ணின் மொத்தம் 12,020

ஆல்டருக்கு மட்டும் 720 ரூபாய், நூற்றுக்கு 6. அந்த ஆறு பங்கு காப்பாற்றுவது எதை? ஆரி ஜாக்கெட் ஒன்றின் அடக்கம் 450, 4,500, 900 மூன்றும் சேர்ந்து 5,850, லைனிங் தனி. ஐந்து ஜாக்கெட்டையும் உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்யும் செலவு அந்த ஒரு ஜாக்கெட்டின் விலையில் எட்டில் ஒரு பங்கு.

வீட்டில் மற்றவர்களுக்கு ஏழு புடவை என்று வைப்போம். அம்மாவுக்கு மூன்று, அக்காவுக்கு இரண்டு, சித்திக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று. லைனிங் ஜாக்கெட் ஐந்து 2,250, லைனிங் இல்லாதது இரண்டு 400, ஃபால்ஸ் ஏழு 840, லைனிங் துணி 450, நான்கு ஜாக்கெட்டுக்கு ஆல்டர் 320. கூட்டினால் 4,260. அப்பாவுக்குச் சட்டை இரண்டு 800, தம்பியின் ரெடிமேட் பேன்ட் இரண்டுக்கும் அடி மடிக்க 120, சின்னப் பெண்கள் இருவருக்குப் பட்டுப்பாவாடை தைக்க 700. அது 1,620. எல்லாம் சேர்ந்து 17,900 ரூபாய். இதில் ஆல்டர் 720, 320, 120 சேர்ந்து 1,160, நூற்றுக்கு ஆறரை. எதிர்பாராததற்குப் பத்தில் ஒரு பங்கு 1,790 சேர்த்தால் 19,690. நோட்டில் ‘தையல் 5,000’ என்று எழுதிய வீடு மீதிப் பதினைந்தாயிரத்தைக் கடைசி வாரத்தில் எங்கிருந்து எடுக்கும்? பெரும்பாலும் யாரிடமாவது கைமாற்றாகத்தான்.

இந்தக் கூட்டலில் வராத செலவு ஒன்று உண்டு, போய்வரும் நாள். அரசு நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே பஸ் காசு சுழி. ஆனால் வேலைக்குப் போகாத நேரத்துக்கு விலை உண்டு. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டில் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அதையே அளவுகோலாக வைத்து, அம்மாவும் பெண்ணும் அரை நாள் வீதம் மூன்று தடவை செஞ்சிக்குப் போய்வந்தால் மூன்று முழு நாள், 1,008 ரூபாய். ஆல்டர் கூலி முழுவதும் 1,160 தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஐந்து ஜாக்கெட்டை ஐந்து தேதியில் வாங்கச் சொல்லும் கடையில் கூலி ஐம்பது ரூபாய் குறைவு என்றாலும் நஷ்டம் நமக்கே. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுப்பார்க்கத் தருகிறேன் என்று சொல்கிறவருக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம்.

தையல்காரர் பக்கத்துக் கணக்கையும் எழுதாவிட்டால் இது பாதிக் கணக்கு. லைனிங் ஜாக்கெட் கூலி 450. நூல், கொக்கி, கேன்வாஸ் என்று 30 கழித்தால் 420. வெட்டித் தைத்துக் கைத்தையல் முடிக்க மூன்று மணி நேரம் என்றால் மணிக்கு 140. ஆரி ஒர்க் 4,500இல் மணியும் நூலும் 900 என்று வைத்தால் மீதி 3,600. முப்பது மணி நேர வேலைக்கு மணிக்கு 120. “அக்கா, 2,500க்கு முடிச்சுக் குடுங்க” என்று பேரம் பேசினால் பொருள் விலை குறையாது, கூலி 1,600 ஆகிறது, மணிக்கு 53 ரூபாய். கண்ணை இடுக்கி, முதுகு வளைந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இது கொடுமையான கூலி. குஞ்சமும் இப்படித்தான். 48 அங்குல முந்தானையில் அங்குலத்துக்கு இரண்டு முடிச்சு என்றால் 96. 350 ரூபாயில் ஒரு முடிச்சுக்கு 3 ரூபாய் 65 காசு.

ஆல்டரை இலவசமாகக் கேட்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். தையல்காரர் அளவில் தவறியிருந்தால் அது அவர் பொறுப்பு, கூலி கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. அளவு கொடுத்தபின் உடம்பு இளைத்ததற்கும், கழுத்தை இன்னும் இறக்கச் சொல்வதற்கும், கையைக் குறைக்கச் சொல்வதற்கும் கூலி உண்டு. லைனிங் ஜாக்கெட்டைப் பிரித்துப் பிடித்து, கொக்கி மாற்றி, அயர்ன் போட நாற்பது நிமிடம் ஆகும் என்றால் 80 ரூபாய் மணிக்கு 120 கணக்கு, மற்ற வேலைக்கு வருவதைவிட அதிகம் இல்லை. கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் தைக்கிறவர்களில் கணவரை இழந்த பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கென்றே சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் என்று அரசுத் திட்டம் நடக்கிறது. அந்த இயந்திரத்தில் ஓடும் தையலுக்கு உரிய கூலியைக் கொடுத்தால் கல்யாண வீடு நொடித்துப்போகாது.

வரவேற்புக்கு லெஹங்கா எடுக்கிற வீடுகள் இந்தப் பக்கமும் பெருகிவிட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த ஆடை 2,500 ரூபாய்வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. புடவை துணிக் கணக்கில் வருவதால் 5. வரிக்கு முந்தைய விலை 8,000 என்றால் புடவைக்கு வரி 400, ரெடிமேட் லெஹங்காவுக்கு 1,440. வித்தியாசம் 1,040, வீடு முழுவதற்குமான ஆல்டர் செலவை ஏறத்தாழ நெருங்குகிறது. லெஹங்காவின் உயரத்தைக் குறைக்கும்போது அடியில் கரை இருந்தால் கீழே வெட்டக் கூடாது, இடுப்புப் பட்டியைப் பிரித்து மேலிருந்து எடுக்க வேண்டும். வேலை கூடும், கூலியும் கூடும். அன்றைக்குப் போடப்போகும் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே உயரம் பார்க்க வேண்டும். குதிகால் இரண்டு அங்குலம் என்றால் அந்த இரண்டு அங்குலமும் அடியில்தான் தெரியும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் வெள்ளை அல்லது சந்தன நிறப் பட்டுப் புடவையோடு இப்போது கவுனும் வந்திருக்கிறது. கவுனின் அடியை ஏற்றுவது ஜாக்கெட் ஆல்டரைப் போலச் சின்ன வேலை கிடையாது. லைனிங், இரண்டு நெட், மேல்துணி என்று நான்கு அடுக்கு, ஒவ்வொன்றின் சுற்றும் மூன்று மீட்டர் என்றால் 12 மீட்டர் ஓரம். அதையும் எங்கும் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டமாக மடிக்க வேண்டும். செஞ்சிக் கோட்டையில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த அடி ஓரத்தை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்தக் கோட்டையில் கல்யாண மகால் வரைக்கும் நடப்பது சமதரை, ராஜகிரி படிக்கட்டு அப்படி அல்ல. தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இடம் என்பதால் படப்பிடிப்புக்கு முன் அனுமதியும் கேட்க வேண்டும்.

சின்னப் பெண்களின் பட்டுப்பாவாடையில் நம் வீடுகள் பல தலைமுறையாகச் செய்துவருவதைக் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கும் செய்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். பாவாடையில் ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு மடிப்பு வைத்துத் தைப்பார்கள். ஒவ்வொரு மடிப்பும் 2 அங்குலத் துணியை உள்ளே வைத்திருக்கும். ஆறேழு வயதுக் குழந்தை ஆண்டுக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலே வளரும். அடுத்த ஆண்டு ஒரு மடிப்பு, அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று பிரிப்பார்கள். 350 ரூபாய்த் தையல் மூன்று பொங்கலுக்கு வந்துவிடும்.

முகூர்த்த ஜாக்கெட்டுக்கும் அடுத்த நாள் ஒன்று குறித்திருக்கிறது, வளைகாப்பு. ஏழாம் மாதத்தில் அந்தப் பட்டைத்தான் பலர் மறுபடி உடுத்துவார்கள், மார்புச் சுற்றளவு அப்போது 2 அங்குலம் முதல் 4 அங்குலம்வரை கூடியிருக்கும். உள்ளே நான்கு ஓரத்திலும் ஓர் அங்குலம் விட்டிருந்தால் செலவு 80 ரூபாய், உள் வரியை வீட்டிலேயே பிரித்துக்கொண்டால் அதுவும் இல்லை. விட்டிராவிட்டால் புதிய பிட், புதிய லைனிங், 450 ரூபாய் கூலி, அப்புறமும் கரை ஒத்துவராது. அளவு கொடுக்கும் அன்றே “நாலு இஞ்ச் உள்ள விட்டுடுங்கக்கா” என்று சொல்லி, தையல்காரரின் நோட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.